பேட்டரி மாற்றியும் பயாஸ் செட்டிங் நிற்கவில்லை: எச்61 போர்டு, தினமும் காலையில் 2012

அல்லிக்கேணி ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் நிறைந்த சந்து ஒன்றில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு சிஸ்டம். புதியது சமர்த்து. பழையதுதான் உயிரை எடுக்கிறது.

எச்61 சிப்செட் போர்டு, ஐ3-3220, 8 ஜிபி டிடிஆர்3, சாட்டா எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. காலையில் ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர் (சேமித்து வைத்த செட்டிங் கெட்டுவிட்டது என்று அர்த்தமாம்), டிஃபால்ட் ஏற்றியாகிவிட்டது, எஃப்1 அழுத்து என்று வந்து நிற்கிறது. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் லோகோ, அதற்குப் பின்னால் சோக முகம் போட்ட நீலத் திரை, இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ். மறுபடியும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற போர்டின் சொந்தப் புரோகிராம்) போய், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாறியிருப்பதை ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 கொடுத்தால்தான் டெஸ்க்டாப் வரும்.

அதோடு விட்டதா? தேதி 2012 ஜனவரி 1. பிரௌசரைத் திறந்தால் எந்த சைட்டுக்குப் போனாலும் கனெக்‌ஷன் பாதுகாப்பாக இல்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டுகிறது. கடைசி தேதியன்று அப்ளிகேஷன் போட வந்து நிற்கிற பிள்ளைகள் "சர்வர் டவுனாண்ணே?" என்று கேட்கிறார்கள். சர்வர் பாவம், நன்றாகத்தான் இருக்கிறது.

பேட்டரிதானே என்று சொல்லாதீர்கள். மாற்றினேன். மாற்றினால் ஒரு மாதம், மிஞ்சிப் போனால் கொஞ்சம் மேலே ஓடுகிறது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ரிச்சி தெருவில் நடைபாதையில் விற்பது, கடையில் பில் போட்டு விற்பது, கம்பெனிப் பெயர் அச்சடித்த அட்டையில் வருவது எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வந்து பார்த்த சர்வீஸ் பையன் போர்டு போய்விட்டது, புதுசு போடுங்கள் என்கிறான்.

அங்கேதான் சிக்கல். பின்னால் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் மாட்டுகிற இடம்) சாவி மாதிரி செருகிய டாங்கிளோடு மட்டுமே ஓடுகிற பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஒன்று இதில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமாதிப் பத்திரிகை என்று என் வாடிக்கையாளர்களின் பல வருஷத்து ஃபைல் எல்லாம் அந்த எழுத்துருவில்தான். புதிய போர்டுகளில் பேரலல் போர்ட் கிடைப்பது அரிது.

இரண்டு விஷயம் கவனித்திருக்கிறேன், உதவுமா பாருங்கள். பகலில் ரீஸ்டார்ட் செய்தாலோ, ஷட்டவுன் செய்து சாப்பிட்டுவிட்டு வந்து போட்டாலோ பிரச்சினையே இல்லை. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால்தான் இந்தக் கூத்து. கடை மூடும்போது மெயினை இறக்குவது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம், அதை விட முடியாது, பழைய கட்டடம். கோளாறு பேட்டரியிலா, பயாஸிலா, போர்டிலா?


ஆவடி ஆர்ஜிபி:

அண்ணா, முதலில் பயாஸ் அப்டேட் பண்ணுங்க. போர்டு கம்பெனி சைட்டில் கடைசி வெர்ஷன் இருக்கும், பென்டிரைவில் போட்டு ஃபிளாஷ் பண்ணினால் பாதிப் பிரச்சினை போய்விடும். அப்புறம் பயாஸில் வெயிட் ஃபார் எஃப்1 என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை டிசேபிள் பண்ணினால் காலையில் நிற்காமல் நேராக பூட் ஆகும்.

நிஜமாகச் சொன்னால், 2012 பிராசசருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஒரு பி450 போர்டு, ரைசன் 5 பிராசசர் போட்டால் கடை பறக்கும்.


வேளச்சேரி மேல்மாடி:

ஆவடி தம்பி, அந்த எஃப்1 ஆப்ஷனும் அதே சிமாஸில்தான் இருக்கிறது. ராத்திரி எல்லாம் அழியும்போது அதுவும் அழிந்து, காலையில் பழையபடி எஃப்1-க்குக் காத்து நிற்கும்.

ஃபிளாஷ் செய்கிற யோசனையும் வேண்டாம். பயாஸ் புரோகிராம் இருப்பது எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில். அதற்குப் பேட்டரியே தேவையில்லை. பேட்டரி தாங்கிப் பிடிப்பது கடிகாரத்தையும், நாம் மாற்றி வைத்த செட்டிங்கையும் மட்டும். இவர் சிஸ்டத்தில் புரோகிராம் நன்றாகத்தான் ஓடுகிறது, செக்சம் தப்பு என்று சரியாகக் கண்டுபிடித்து அதுவே சொல்கிறதே. ஓடுகிற பயாஸை எழுதப் போய், நடுவில் கரண்ட் போனால் டாங்கிளும் சாஃப்ட்வேரும் இருந்து என்ன பிரயோஜனம்? பிராசசர் மாற்றுகிறோம், ரேம் எடுக்கவில்லை, பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது என்று காரணம் இருந்தால் அப்டேட் செய்யலாம். உங்கள் ரைசன் போர்டுக்கு அது சரி. பி450 வந்தது 2018-இல், ரைசன் 5000 வந்தது 2020 கடைசியில். அங்கே அப்டேட் இல்லாவிட்டால் பிராசசரே எழுந்திருக்காது. அந்த மருந்தை இந்த நோய்க்குக் கொடுக்கக் கூடாது.

ஜெராக்ஸ் சார், கோளாறு பிடிபடும் வரை ஓட்ட சில வழிகள். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வேறு ஆள் இருந்தாலும் பார்த்துச் சரிசெய்யலாம். தேதியை விண்டோஸுக்குள் போய் மாற்றாமல் பயாஸிலேயே மாற்றிவிடுங்கள். நெட் இருக்கிறதே, தானாகச் சரியாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. தனியாக இருக்கிற கம்ப்யூட்டரில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் டைம் சர்வீஸ் அதைத் தொடாது, அதன் டிஃபால்ட் அப்படி. இங்கே வித்தியாசம் பல வருஷம். கையால் கிட்டத்தட்ட சரிசெய்து கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பிரௌசர் சிவப்பில் காட்டுகிற சர்ட்டிஃபிகேட் தகராறும் அதோடு போய்விடும், சைட்டின் சர்ட்டிஃபிகேட் 2012-இல் இன்னும் பிறக்கவே இல்லையே.

சாட்டா மோடும் அதே கதை. உங்கள் விண்டோஸை ஏஎச்சிஐ-யில் இன்ஸ்டால் செய்திருக்கிறார்கள், போர்டின் டிஃபால்ட் ஐடிஇ. டிஃபால்ட் ஏறியதும் தன் டிஸ்க்கையே விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. ஐடிஇ-யிலேயே விட்டு ஓட்டலாமா என்றால், எஸ்எஸ்டி-யின் முழு வேகம் கிடைக்காது.

மெயினை அணைக்காமல் ஓரிரு ராத்திரி விட்டுப் பார்க்க முடியுமா? தெரிந்துகொள்ளத்தான்.


ஈயப்பற்று:

நான் போர்டு சர்வீஸ்காரன். மேலே மேல்மாடி சொன்னதெல்லாம் சரி. ராத்திரி மெயின் போட்டு வைத்தால் செட்டிங் நிச்சயம் அழியாமல் நிற்கும், சோதித்துப் பார்க்கவே வேண்டாம். நீங்களே அதை எழுதிவிட்டீர்கள்: பகல் ஷட்டவுனில் அழியவில்லை, மெயின் இறக்கினால் அழிகிறது.

காரணம் இதுதான். ஷட்டவுன் செய்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கிற பவர் சப்ளை) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற 3.3 வோல்ட்தான் அப்போது கடிகாரத்தை நடத்துகிறது, பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும். மெயின் போனதும் பேட்டரி வேலைக்கு வருகிறது. அதனால் உங்களைப் போல ராத்திரி முழுக்க மெயினை இறக்குகிற இடத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும். ஆனால் ஒரு மாதத்தில் தீராது. கணக்குப் போடுவோம்.

போர்டில் போடுகிற காசு வடிவ சிஆர்2032 பேட்டரி நல்லதாக இருந்தால் சுமார் 225 மில்லிஆம்ப்-ஹவர். இந்தத் தலைமுறை இன்டெல் சிப்செட்டின் கடிகாரப் பகுதி பேட்டரியில் ஓடும்போது ஐந்தாறு மைக்ரோஆம்ப் எடுக்கும். 6 என்று வைத்தால் 37,500 மணி நேரம். மெயினே கொடுக்காமல் அலமாரியில் வைத்தாலும் நாலு வருஷம் தாண்ட வேண்டும். உங்களுக்கு ராத்திரி 12 மணி நேரம், ஞாயிறு முழுநாள் என்று வாரத்துக்கு 100 மணி நேரம் ஆஃப் என்று வையுங்கள். ஒரு மாதம் சொச்சத்தில் தீர்கிறது என்றால் 450, 500 மணி நேரம். 225-ஐ 500-ஆல் வகுத்தால் 0.45 மில்லிஆம்ப், அதாவது 450 மைக்ரோஆம்ப். இருக்க வேண்டியதைப் போல எழுபத்தைந்து மடங்கு. எல்லாக் கடைப் பேட்டரியும் ஒரே மாதிரி தீர்கிறது என்றால் பேட்டரிமேல் பழி போட முடியாது. போர்டில் எங்கோ ஒழுகுகிறது.

ஊகிக்க வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். ரிச்சி தெருவில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டரே போதும். கூடவே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், பட்டைகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு.

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். புதிய பேட்டரியை வெளியே வைத்து இரண்டு முனைக்கும் நடுவில் அந்த ரெசிஸ்டரைக் கொடுத்து, சில விநாடி விட்டு வோல்ட்டேஜ் பாருங்கள். சும்மா அளந்தால் செத்த பேட்டரிகூட 3 காட்டும், லோடு கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். 2.8-க்குக் கீழே இறங்கினால் அது பழைய ஸ்டாக்.

அடுத்து ஒழுக்கு. பவர் கார்டை எஸ்எம்பிஎஸ்-இலிருந்து உருவிவிடுங்கள், ஸ்விட்ச் அணைத்தால் போதாது. பேட்டரியை ஹோல்டரிலிருந்து எடுங்கள். பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு சின்ன வயர் ஹோல்டரின் அடித் தகட்டுக்கு. பேட்டரியின் பிளஸிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஹோல்டரின் பக்கவாட்டுக் கிளிப்புக்கு. செல்லோடேப் ஒட்டி நிறுத்துங்கள். ஒரு நிமிஷம் விட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் தொடுங்கள். 1 கிலோஓமில் ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஆம்ப். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம், மீட்டர் காட்டுகிற எண்ணே கரண்ட். பத்துக்குள் இருந்தால் போர்டு சுத்தம். நூறைத் தாண்டினால் எழுதுங்கள்.

அளக்கும் முன் ஒன்று. பேட்டரிக்குப் பக்கத்தில் மூன்று பின் ஜம்பர் இருக்கும், சிஎல்ஆர்டிசி என்றோ கிளியர் சிமாஸ் என்றோ எழுதியிருக்கும். அதன் தொப்பி 1-2-இல் இருக்கிறதா என்று மேனுவல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செட்டிங்கை அழிக்கிற இடமான 2-3-இல் மாட்டிவிட்டுப் போகிற சர்வீஸ் பையன்கள் உண்டு.


அல்லிக்கேணி ஜெராக்ஸ்:

ஈயப்பற்று சார், உங்கள் கணக்கைப் படித்துவிட்டு மாலையே போய் மீட்டர் வாங்கி வந்தேன். ஜம்பர் 1-2-இல்தான் இருக்கிறது. புதிய பேட்டரி லோடில் 2.95.

ரெசிஸ்டரில் 462 மில்லிவோல்ட் காட்டுகிறது.

ஹோல்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில், போர்டோடு ஒட்டுகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மெரினா எங்களுக்குக் கூப்பிடு தூரம், கடையில் கத்தரிக்கோல்கூடத் துருப்பிடிக்கும். ஒருவேளை அதுதானா?


ஈயப்பற்று:

இருக்கலாம். கடலோரத்தில் வருகிற போர்டில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்றோ, எப்போதோ ஒழுகிய பழைய பேட்டரியின் கசிவோ, காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஈரம் பிடித்தால் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் பாலம் போட்டுவிடும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய டூத்பிரஷால் ஹோல்டரைச் சுற்றியும், பக்கத்தில் உருளையாக வெள்ளிக் குப்பி போல நிற்கிற 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சுற்றியும் தேயுங்கள். கிரிஸ்டலின் கால்கள் முடிபோல மெல்லியவை, அங்கே அழுத்த வேண்டாம். ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட்டு மறுபடி அளவு எடுங்கள்.

அளவு குறையவில்லை என்றால் டையோடைப் பார்க்கணும். ஹோல்டர் அருகில் மூன்று காலோடு கறுப்பாக ஒரு மிளகு அளவுக்கு ஒரு பார்ட் இருக்கும், ஒரு பக்கம் இரண்டு கால், எதிர்ப் பக்கம் ஒரு கால். பெரும்பாலும் பிஏடி54சி. இரண்டு ஷாட்கி டையோடு ஒன்றாக வைத்தது. இரண்டு கால்களில் ஒன்றுக்குப் பேட்டரி வருகிறது, மற்றதற்கு ஸ்டாண்ட்பை 3.3 வருகிறது, தனிக் கால் சிப்செட்டின் கடிகாரத்துக்குப் போகிறது. எது அதிக வோல்ட்டேஜோ அது ஓட்டும். மற்றதன் பக்கம் கரண்ட் திரும்பிப் போகக் கூடாது, ஒருவழிப் பாதை. ஆனால் ஸ்டாண்ட்பை பக்கத்து டையோடு பழுதானால், மெயின் இல்லாத நேரத்தில் பேட்டரிக் கரண்ட் ஒன்வேயில் எதிரே வருகிற ஆட்டோ மாதிரி அந்த வழியே திரும்பி, போர்டின் மற்ற பகுதிக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கும்.

இதைப் பிடிப்பது சுலபம். பவர் கார்டை உருவி, பேட்டரியை வழக்கம்போல ஹோல்டரில் போட்டு, சில நிமிஷம் விடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, சிவப்பு முனையால் அந்த இரண்டு கால்களையும் தனித்தனியே தொடுங்கள். ஒன்றில் 3 வோல்ட்டை ஒட்டி வரும், அது பேட்டரிக் கால். இன்னொன்றில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மெயினே இல்லாதபோது அங்கே வோல்ட்டேஜ் இருந்தால், அது பேட்டரியிலிருந்து திருடப்பட்டதுதான். தொடும்போது முனை வழுக்கி இரண்டு காலையும் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஆவடி ஆர்ஜிபி:

இதெல்லாம் யூடியூபில்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள் சார். ஃபாலோ பண்ணிக்கொண்டிருக்கிறேன்.


அல்லிக்கேணி ஜெராக்ஸ்:

நிலவரம் சொல்கிறேன். ஆல்கஹால் போட்டுத் தேய்த்ததில் வெள்ளை போய்விட்டது, அளவு 462-இலிருந்து 431. அவ்வளவுதான் இறங்கியது.

அந்த மிளகைக் கண்டுபிடிக்க என் வாசிப்புக் கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு காலில் 2.6. இன்னொன்றில் 1.4 வோல்ட். பவர் கார்டு கையில் இருக்கிறது, போர்டில் 1.4!


ஈயப்பற்று:

பிடிபட்டுவிட்டது. டையோடு லீக். பேட்டரிக் காலிலும் 3 வராமல் 2.6 வருவதற்குக் காரணம், பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் போர்டிலேயே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு, இவ்வளவு கரண்ட் போகும்போது அதில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. உங்கள் 431-ஓடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது பாருங்கள்.

நீங்களே மாற்ற முயல வேண்டாம். சால்டரிங் அயர்ன் பழக்கம் இல்லாவிட்டால் பட்டையே பெயர்ந்து வந்துவிடும். ரிச்சி தெரு, மீரான் சாகிப் தெருப் பக்கம் மாடிகளில் லேப்டாப் போர்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போய் "போர்டு ரிப்பேர்" என்று பொதுவாகக் கொடுக்காதீர்கள், முழு போர்டுக்கும் விலை சொல்வார்கள். "ஆர்டிசி டையோடு லீக் ஆகிறது, பிஏடி54சி மாற்றணும்" என்று சொல்லுங்கள், ஆர்டிசி என்பது அந்தக் கடிகாரம்தான். பார்ட் சில ரூபாய்தான், கூலிதான் செலவு. செத்த லேப்டாப் போர்டிலிருந்து எடுத்துப் போட்டாலும் பரவாயில்லை, பிஏடி54சி-தானா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிஏடி54ஏ, பிஏடி54எஸ் என்று அண்ணன் தம்பிகள் உண்டு, உருவம் ஒன்று, உள்ளே இணைப்பு வேறு. மீட்டரையும் ரெசிஸ்டரையும் கையோடு கொண்டு போய், அங்கேயே அளந்து பத்துக்குள் வந்த பிறகு காசு கொடுங்கள்.


அல்லிக்கேணி ஜெராக்ஸ்:

ஆயிற்று சார். முதலில் கேட்ட இடத்தில் "சவுத் பிரிட்ஜ் போயிருக்கும், வைத்துவிட்டுப் போங்க" என்றார்கள், அது போர்டின் பெரிய சிப்பாம். பக்கத்து மாடியில் ஒரு பெரியவர், டையோடு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, யார் சொன்னது என்று கேட்டார். மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஹாட் ஏர் காட்டி எடுத்து, வேறு ஒன்று போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ரெசிஸ்டர் வைத்து அளக்கிற என்னை அவர் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது, ஆனால் மீட்டர் 7 காட்டியதும் அவரும் குனிந்து ஒருமுறை படித்துக்கொண்டார்.

கடையில் மாட்டி, ராத்திரி வழக்கம்போல மெயினை இறக்கிவிட்டுப் போனேன். காலையில் நேராக டெஸ்க்டாப். தேதி சரி, டாங்கிள் சரி. பயாஸ் படங்களை அச்செடுத்து மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியும் வைத்திருக்கிறேன் மேல்மாடி சார், ஜெராக்ஸ் கடையில் அதற்குக் குறைச்சலில்லை.


வேளச்சேரி மேல்மாடி:

மகிழ்ச்சி. ஒன்று மட்டும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உங்கள் 3-ஆம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை, அது 8-இலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் அப்ளிகேஷன், பணம் கட்டுவது எல்லாம் புதிய சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டு, இதை நெட் இல்லாமல் டைப்பிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.


ஆவடி ஆர்ஜிபி:

ஈயப்பற்று சார், என் பி450-யிலும் வாரம் ஒருமுறை எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்) தானாக ஆஃப் ஆகி ரேம் 2133-க்குப் போய்விடுகிறது. எனக்கும் அதே டையோடா?


ஈயப்பற்று:

தேதியும் அழிகிறதா தம்பி? தேதி சரியாக இருந்து ரேம் வேகம் மட்டும் இறங்கினால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வேகத்தில் ரேம் டிரெயினிங் (ஆன் ஆகும்போது போர்டு ரேமைச் சோதித்து ஒத்துப்போக வைப்பது) தோற்று, போர்டே பாதுகாப்பான அளவுக்கு இறங்கிக்கொள்கிறது. ரேம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணி 2-ஆம், 4-ஆம் ஸ்லாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 3200-ஐ 3000 ஆக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, போர்டு மாடல், ரேம் மாடல், பயாஸ் வெர்ஷன் மூன்றையும் எழுதித் தனி இழை ஒன்று தொடங்குங்கள்.